கூடும்

பழைய பலகையில் இருந்தது ஒரே வாக்கியம்:
ஓதம் ஏறுகையில் சாலை மூழ்கக்கூடும்.
ஆங்கிலத்தில் எட்டுச் சொல்.
பிழை ஒன்றும் இல்லை.
பிழையில்லாத அந்த வாக்கியத்தைத் தாண்டித்தான்
போன கோடையில் பதினொரு கார்கள்
கடலுக்குள் போயின.

ஸ்கார் தீவுக்கும் கரைக்கும் நடுவே
இரண்டு மைல் சாலை.
நாளில் பாதி எங்களுடையது,
மீதி வடகடலுடையது.
ஊராட்சிக்கு நான் எழுத்தர்.
கூட்டக் குறிப்பு எழுதுவேன்,
கல்லறைத் தோட்டத்துப் புல் வெட்டியவனுக்குக் கூலி கொடுப்பேன்.
இப்போது இதுவும்:
"அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நன்றாக்கு, ஹில்டா."

நவம்பர் செவ்வாய். தேவாலயக் கூடத்து ஹீட்டர்
இருமிக்கொண்டே இருந்தது.
முரியல் ஃபென்விக் 'தயவுசெய்து' சேர்க்கச் சொன்னாள்.
வக்கீலாக இருந்து ஓய்வுபெற்ற கிளிஃபர்ட் டாட்ஸ்
எதை எடுத்தாலும் 'கூடும்' இருக்கட்டும் என்றார்.
மூழ்காத ஒரு நாளில் எவனாவது வழக்குப் போட்டால்?
மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த பையன்
'வாகன ஓட்டிகளுக்கு இதன்மூலம் அறிவுறுத்தப்படுவது யாதெனில்'
என்று தொடங்கினான்.
அது முடிவதற்குள் என் தேநீர் ஆடை கட்டிவிட்டது.

வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.
பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தேன்.
சாலை மூழ்குமாம். சரி,
மூழ்கடிப்பது யார்?
எட்டுச் சொல்லில் எங்கேயும் கடல் இல்லை.
செயப்பாட்டு வினைக்குப் பின்னால்
திருடன் போல நின்றுகொண்டிருந்தது.
அந்தக் 'கூடும்' இருக்கிறதே,
அதில் ஒரு கார் நுழையுமளவு சந்து.
அதன் வழியாகத்தான் எல்லோரும் நுழைந்தார்கள்,
பின்சீட்டில் நாயும் பிள்ளைகளும்
பாதி தின்ற சான்ட்விச்சுமாக.

'ஆபத்து' என்று எழுதிப் பார்த்தேன்.
அது மின்கம்பத்தில் இருக்கிறது, மருந்துப் புட்டியில் இருக்கிறது,
ஐஸ்கிரீம் வண்டியின் பின்கதவில்கூட இருக்கிறது.
அடித்தேன்.

விடிந்ததும் டென்னிஸ் ஹெஸ்லப்பின் கொட்டகைக்குப் போனேன்.
டிராக்டரில் கயிறு கட்டி கார்களை இழுத்து வருபவன் அவன்.
கூரைமேல் ஏறி உட்கார்ந்திருப்பவர்களிடம்
முதலில் என்ன சொல்வாய் என்று கேட்டேன்.
"நான் எங்கே சொல்வது? அவர்கள்தான் சொல்வார்கள்.
இவ்வளவு சீக்கிரம் வருமென்று தெரியாது என்பார்கள்.
ஏதோ இவர்களைத் தேடி வந்தமாதிரி.
அது பாட்டுக்கு வருது, ஹில்டா.
நாளைக்கு ரெண்டு தடவை ரோட்டைக் கடக்குது.
இவங்கதான் அது வழியில நிக்கிறாங்க."

டீசல் ரசீதின் பின்புறம் எழுதிக்கொண்டேன்:
கடல் இந்தச் சாலையை நாளுக்கு இருமுறை கடக்கிறது.
அவன் மொழியில் எண்ணினேன். எட்டே சொல்.
கடல் முதலில் வந்து நின்றது,
எழுவாயாக, ஈரத்தோடு.
நம்மைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

"எச்சரிக்கை எங்கே இதில்?" என்றார் கிளிஃபர்ட்.
"செய்தி மாதிரியல்லவா இருக்கிறது."
மூன்றுக்கு இரண்டில் தேறியது.
பலகை எழுதுபவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு
மார்ச்சில் நட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு.
டென்னிஸ் ஒருவரை இழுத்துக்கொண்டு வந்தான்.
லீட்ஸ்காரர். கால்சட்டையிலிருந்து கடல் சொட்டியது.
பலகையைப் பார்க்கவில்லையா?
"பார்த்தேனே. ரொம்ப நன்றாக இருந்தது.
இறங்கிப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன்.
அப்புறம் அதையே யோசித்துக்கொண்டு
மெதுவாக ஓட்டினேன்."

துண்டு கொடுத்தேன்.
பதிவேட்டைத் திறந்தேன்.
இந்த ஆண்டின் முதல் கார்;
போன ஆண்டு இந்நேரம் நான்கு.
'காரணம்' என்ற கட்டத்தில்
'கவனக்குறைவு' என்று எழுதினேன்.
சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடித்துவிட்டு மேலே சின்னதாக எழுதினேன்:
வாசிப்பு.